‘உள்ளது’ என்கிறது திரை

(திருவிடந்தையில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



திருவிடந்தையில் மேடை ஏறுகிறவன் நித்திய கல்யாணப் பெருமாளைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் ஊர் ஒத்துக்கொள்ளாது. கல்யாணம் ஆகாதவர் இங்கே மாலையோடு வருகிறார். பெருமாளுக்குச் சாற்றிய மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலை ஒன்பது முறை சுற்றுகிறார். மாலையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்கிறார். கல்யாணம் முடிந்ததும் துணையோடு வந்து அதே பழைய மாலையைத் திருப்பி ஒப்படைக்கிறார். இதைவிட ஒழுங்கான இரவல் முறை நாட்டில் எங்கே இருக்கிறது? போனது திரும்பி வருகிறது! ஒரே வித்தியாசம், எந்தத் தேதிக்கு வரும் என்பது பெருமாளுக்குத்தான் தெரியும். நூலகத்தில் அந்தத் தேதி நமக்கும் தெரியும். அந்தத் தேதியைப் பற்றியும், அதன் பக்கத்தில் நூற்பட்டியலின் திரை எழுதிக் காட்டுகிற சில சின்னச் சின்னக் குறிப்புகளைப் பற்றியும் பேசத்தான் வந்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் ஒரு சொற்பொழிவா என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் நினைத்துப் பாருங்கள்.

ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். கோவளத்துப் பெண். பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவளுக்குக் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படிக்க ஆசை. பெரிய நூலகம் ஒன்றின் பட்டியலைக் கைப்பேசியில் திறக்கிறாள். நான்கு பாகம். பரஞ்சோதி யாத்திரை: இரவலில். காஞ்சி முற்றுகை: உள்ளது. பிக்ஷுவின் காதல்: காணவில்லை. சிதைந்த கனவு: குறிப்புதவிக்கு மட்டும். அவள் அம்மாவிடம் என்ன சொல்கிறாள்? “புத்தகம் இல்லையாம்மா.” அவ்வளவுதான், கைப்பேசியில் வேறு எதையோ பார்க்கப் போய்விடுகிறாள்.

புத்தகம் இல்லை என்றா திரை சொன்னது? நான்கு பாகத்துக்கு நான்கு பதில் சொன்னது. முதல் பாகத்துக்கு, இன்ன தேதி வரை பொறு என்றது. இரண்டாவதுக்கு, வந்து எடுத்துக்கொள் என்றது. மூன்றாவதுக்கு, இங்கே நிற்காதே, வேறு இடம் பார் என்றது. நான்காவதுக்கு, வா, இங்கேயே உட்கார்ந்து படி என்றது. நான்கு வழியைக் காட்டியிருக்கிறது. அந்தப் பெண் நான்கையும் ஒரே ‘இல்லை’யாக மடித்துவிட்டாள். குற்றம் அவள்மேல் இல்லை. அதைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். திரையில் வருகிற குறிப்பு எதுவும் புத்தகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. கணினிக்குக் கண் இல்லை. அந்தப் பிரதிக்குக் கடைசியாக யாரோ ஒருவர் என்ன செய்தார், அதைப் பதிந்தாரா, பதிந்தால் என்னவென்று பதிந்தார்? அது மட்டும்தான் கணினிக்குத் தெரியும். இரவல் கொடுத்தபோது பார்கோடில் ஒளி பட்டது, அதனால் ‘இரவலில்’. திரும்ப வாங்கியபோது மறுபடி ஒளி பட்டது, அதனால் ‘உள்ளது’. அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் மழையில் நனைந்ததா, கரையான் தின்றதா, ஜன்னல் வழியாக யாராவது தூக்கிக்கொண்டு போனார்களா? யாரும் பதியவில்லை. ஆகவே இன்னும் ‘உள்ளது’.

இன்று உலகெங்கும் பல நூலகங்களில் ‘கோஹா’ என்ற மென்பொருள் ஓடுகிறது. நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற சிறிய வட்டாரத்து நூலகங்களுக்காக 1999இல் எழுதத் தொடங்கி, இலவசமாக உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதன் உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தொலைந்தது, சிதைந்தது, நீக்கப்பட்டது, இரவலுக்கு இல்லை, இந்த நான்குக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. நூலகர் கையால் குறிக்க வேண்டியவை இவை. இரவலில், வழியில், முன்பதிவுக்குக் காத்திருக்கிறது என்பவற்றை நூலகர் எழுதுவதில்லை. கொடுக்கல் வாங்கல் பதிவைப் பார்த்துக் கணினியே கணக்கிட்டுச் சொல்கிறது. சரி, ‘உள்ளது’ என்பதற்கு எந்தக் கட்டம்? கட்டமே கிடையாது! மற்ற எதுவும் குறிக்கப்படாமல் காலியாக இருந்தால் அதற்குப் பெயர்தான் ‘உள்ளது’. யாரும் குறை சொல்லாதவரை ஒரு புத்தகம் இருப்பதாகவே கணக்கு.

இங்கே இருக்கும் பெரியவர்களுக்குப் பழைய காலம் நினைவிருக்கும். அட்டைப் பட்டியல் பெட்டி. சின்னச் சின்ன இழுப்பறை, ஒவ்வொன்றிலும் அட்டைகள், அட்டையின் அடியில் ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு கம்பி. விரலால் தள்ளித் தள்ளித் தேடுவோம். அந்த அட்டை என்ன சொன்னது? ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பு, அலமாரி எண். இந்த நூல் நூலகத்துக்குச் சொந்தம் என்று சொன்னது. இப்போது இருக்கிறதா என்று சொன்னதா? சொல்லவே இல்லை. அதைச் சொன்ன பெட்டி வேறு. அது கவுண்டருக்குப் பின்னால், நூலகரின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

அமெரிக்காவில் நினா பிரவுன் என்ற நூலகர் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பிரவுன் முறை என்றே அதற்குப் பெயர். புத்தகத்தின் உட்பக்கத்தில் ஒரு பை, பைக்குள் ஒரு புத்தக அட்டை. உறுப்பினரிடம் பை போன்ற சிறு டிக்கெட். புத்தகம் வெளியே போகும்போது, புத்தக அட்டையை எடுத்து உறுப்பினரின் டிக்கெட்டுக்குள் செருகி, திருப்பித் தர வேண்டிய தேதிக்குப் பின்னால் தட்டில் நிறுத்திவிடுவார்கள். ‘டக்’கென்று தேதி முத்திரை. அந்தச் சத்தம் காதில் கேட்கிறதா? நம் ஊர் நூலகங்களில் பல பத்தாண்டுகள் கேட்ட சத்தம் அது.

அருமையான முறைதான். இந்தத் தேதிக்கு எவையெல்லாம் திரும்ப வர வேண்டும் என்று கேட்டால் உடனே பதில் வரும். இந்த ஒரு புத்தகம் எங்கே என்று கேட்டால்? தேதி தேதியாக அடுக்கிய அட்டைகள் எல்லாவற்றையும் புரட்டியாக வேண்டும். பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கும்போது எந்த நூலகர் புரட்டுவார்? “அலமாரியில் பாருங்க சார், இல்லைன்னா வெளியில போயிருக்கும்” என்பார். நாமும் தலையாட்டிவிட்டு வேறு புத்தகம் எடுத்துக்கொண்டு போவோம்.

அந்த இரண்டு பெட்டிகள், வாசகர் பக்கத்துப் பெட்டியும் நூலகர் பக்கத்துப் பெட்டியும், ஒன்றாகச் சேர்ந்ததுதான் இன்றைய திரை. முன்பு கவுண்டருக்குப் பின்னால் இருந்த செய்தி இன்று உங்கள் உள்ளங்கைக்கு வந்திருக்கிறது. இது சின்ன விஷயமா? சீர்காழியில் 1892இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது விதி என்ன? வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. செங்கல்பட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போய், புத்தகம் இல்லாமல் திரும்பி வருகிறவரின் அரை நாளை யார் மிச்சப்படுத்துவது? புறப்படுமுன் திரையில் பார்க்கிற அந்த ஒரு வரி மிச்சப்படுத்தும், அதைச் சரியாகப் படித்தால்.

வாருங்கள், படிப்போம்!

‘உள்ளது’. ஆங்கிலத் திரையானால் ‘அவைலபிள்’. எல்லாவற்றிலும் நல்ல செய்தி இதுதான் என்று நினைக்கிறோம். எனக்கு எல்லாவற்றிலும் அதிகச் சந்தேகம் வருவது இதன்மேல்தான். ஏன்? ‘இரவலில்’ என்றால் ஒரு பெயரும் ஒரு தேதியும் சாட்சிக்கு இருக்கின்றன. ‘உள்ளது’ என்பதற்குச் சாட்சியே கிடையாது.

திரை ‘உள்ளது’ என்கிறது. அலமாரிக்குப் போகிறீர்கள். இடம் காலி. எங்கே போயிருக்கும்? நான் சொல்லட்டுமா?

ஒன்று, அந்தப் புத்தகம் இப்போது உங்களுக்குப் பத்தடி தூரத்தில், மின்விசிறிக்குக் கீழே ஒருவர் மடியில் இருக்கும். நூலகத்துக்குள் உட்கார்ந்து படிப்பதை யாரும் பதிவதில்லை. இல்லையென்றால், காலையில் யாரோ திருப்பிக் கொடுத்து, ஒளி பட்டு, தள்ளுவண்டியில் கிடக்கும். அடுக்க ஆள் வர வேண்டும். சில நூலகங்களில் இதற்கென்றே ‘அடுக்க வேண்டியவை’ என்று ஓர் இடத்தைக் கணினியிலேயே வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. இரண்டு இடத்திலும் இல்லையா? படித்து முடித்தவர் நல்ல எண்ணத்தோடு தானே அலமாரியில் வைத்திருப்பார், தவறான இடத்தில். தமிழ் இலக்கியத்துக்கு டூயி வகைப்பாட்டில் 894.811 என்று எண். அதற்குப் பின்னால் 1 வந்தால் கவிதை, 3 வந்தால் புனைகதை. கடைசி இலக்கத்தைப் பார்க்காமல் வைத்தால் கல்கி போய்க் கவிஞர்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவார். அவரைத் தேடி வருகிற யாரும் அங்கே தேடமாட்டார்கள். அதனால்தான் பல நூலகங்களில், படித்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிடுங்கள், அலமாரியில் வைக்காதீர்கள் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். அது நம்மைச் சோம்பேறியாக்கச் சொன்னது இல்லை!

இன்னொரு வகை உண்டு. அதைச் சொன்னால் பின்வரிசை இளைஞர்கள் சிரிப்பார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். நாளைக்கும் அதே புத்தகம் வேண்டும், இரவலில் எடுக்க முடியாது, இன்னொருவர் எடுத்துவிடக் கூடாது. என்ன செய்கிறார்கள்? பொது அறிவுப் புத்தகத்தைக் கொண்டுபோய் ஆன்மிக அலமாரியில், திருப்புகழ் உரைக்குப் பின்னால் செருகி வைத்துவிடுகிறார்கள். சிரிக்கிறீர்கள். சிரிக்கிறவர்களில் யார் செருகியவர் என்று எனக்குத் தெரியும்! தம்பி, குரூப் நான்கில் நீ தேர்ச்சி பெற வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அந்த அலமாரிக்கு முன்னால் நின்று ‘உள்ளது’ என்ற திரையையும் காலி இடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு தம்பியும் நம் ஊர்ப் பிள்ளைதான்.

இவை எதுவும் இல்லையென்றால் கடைசி வகை: புத்தகமே இல்லை. எப்போதோ போய்விட்டது. யாருக்கும் தெரியாது. எப்போது தெரியும்? இருப்புச் சரிபார்க்கும்போது. எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிபார்க்கிறார்கள்? மத்திய அரசு நூலகங்களுக்கு 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் கணக்குச் சொல்கின்றன. 20,000 நூல்கள் வரை இருந்தால் ஆண்டுதோறும் முழுமையாக. அதற்கு மேல் 50,000 வரை என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. 50,000க்கும் மேல் போனால் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்த்தால் போதும், அதுவும் மூன்று ஆண்டுக்குள் ஒருமுறை. இப்போது யோசித்துப் பாருங்கள். பெரிய நூலகத்தின் திரையில் ‘உள்ளது’ என்று நிற்கும் ஒரு நூலை யாரும் மூன்று ஆண்டுகளாகத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். அப்போதும் திரை ‘உள்ளது’ என்றே சொல்லும்.

அதே விதி இன்னொன்றும் சொல்கிறது. எனக்குப் பிடித்த பகுதி அது. ஓர் ஆண்டில் இரவல் தந்த அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை தொலைந்தால் அதை இயல்பான இழப்பாக எடுத்துக்கொள்ளலாம். நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். ஏன் இந்தப் பெருந்தன்மை? ஒரு புத்தகம்கூடத் தொலையக் கூடாது என்று விதி இருந்தால் நூலகர் என்ன செய்வார்? அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயத்தில் பூட்டிய அலமாரிகளைப் பார்த்த தலைமுறை நாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புத்தகம், இந்தப் பக்கம் நாம். பட்டியலில் நூறு சதவீதம் ‘உள்ளது’. யாருக்கு உள்ளது? ஆயிரத்துக்கு ஐந்து தொலையட்டும், மற்றவை மக்கள் கையில் புரளட்டும் என்று அரசாங்கமே எழுதி வைத்திருப்பதை நம் நூலகர்கள் தைரியமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே, ‘உள்ளது’ என்று பார்த்தால் வாசகர் செய்ய வேண்டியது என்ன? கிளம்புமுன் ஒரு தொலைபேசி. “இந்த எண், இந்தப் பிரதி, அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வைக்க முடியுமா ஐயா?” போய்ப் பார்த்துக் கிடைக்கவில்லையென்றால் பேசாமல் திரும்பி வராதீர்கள். கவுண்டரில் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் ‘உள்ளது’ மாறி ‘தேடப்படுகிறது’ ஆகும். நீங்கள் பேசாமல் போனால், அடுத்து வருகிறவரையும் திரை அதே காலி இடத்துக்குத்தான் அனுப்பும்.

அடுத்தது ‘இரவலில்’. இதைப் பார்த்தால் முகம் வாடுகிறது. வாட வேண்டியதில்லை. புத்தகம் உயிரோடு இருக்கிறது, யார் வீட்டில் என்றுகூட நூலகத்துக்குத் தெரியும், திரும்பும் தேதியும் போட்டிருக்கிறது. முன்பதிவு வசதி இருந்தால் செய்துவிடுங்கள். செய்தால் எடுத்தவர் மறுபடி மறுபடி நீட்டித்துக்கொண்டே போக முடியாது. திரையில் இருக்கும் தேதி கடந்து வெகு நாளாகியும் ‘இரவலில்’ என்றே இருந்தால் அதற்கு வேறு அர்த்தம். எடுத்தவர் வீடு மாறியிருக்கலாம். சில மென்பொருள்களில், கெடு தாண்டி இத்தனை நாள் ஆனால் தானாகவே ‘தொலைந்தது’ என்று மாற்றும்படி வைக்கலாம். அப்படி வைக்காத இடத்தில் அந்தப் பழைய தேதி ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

இன்னொரு நுட்பம். பட்டியல் முதலில் காட்டுவது நூலை. கொஞ்சம் கீழே இறங்கினால் பிரதிகளைக் காட்டும். ஒரே நூலுக்கு ஐந்து பிரதி இருக்கலாம். ஐந்துக்கும் ஐந்து நிலை இருக்கலாம். பல பாக நூல் என்றால் கேட்கவே வேண்டாம். மேல் வரியில் ‘உள்ளது’ என்று இருக்கும். உள்ளே போனால் இருப்பது காஞ்சி முற்றுகை மட்டும். முற்றுகையில் தொடங்கி எப்படிக் கதை படிப்பது? விரலை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளுங்கள், பிரதிவாரியான கட்டம் வரும் வரை தள்ளுங்கள்.

‘வழியில்’ என்று ஒன்று வரும். ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவுக்காரர்களைக் கேளுங்கள். அங்கே பொது நூலகத்தில் எடுத்த புத்தகத்தை எந்தக் கிளையிலும் திருப்பிப் போடலாம். உட்லண்ட்ஸில் எடுத்த தமிழ் நாவலை ஜூரோங்கில் போடலாம். அந்த ஊரில் ‘வழியில்’ என்பது அன்றாடம் பார்க்கிற சொல். நம் மாநிலத்தில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று 4,600க்கும் மேல் நூலகங்கள் இருக்கின்றன. ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்கு வாசகர் கேட்டு வரும் வழக்கம் பெருகினால் நம் திரைகளிலும் அந்தச் சொல் அடிக்கடி தோன்றும். மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் 1931இலேயே மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிய நாடு இது. கனகசபைப் பிள்ளை என்பவர் செய்தார், ரங்கநாதன் போய்த் தொடங்கி வைத்தார். அந்த வண்டியில் இருந்த புத்தகங்கள் எல்லாமே ‘வழியில்’தான்!

‘குறிப்புதவிக்கு மட்டும்.’ நம் ஆட்களுக்கு ‘ரெஃபரன்ஸ்’ என்றால் கோபம் வரும். வைத்துக்கொண்டே தரமாட்டேன் என்கிறார்களே என்று. சென்னை எழும்பூரில் கன்னிமாரா. 1896இல் திறந்த நூலகம். 1954இல் நாடாளுமன்றம் நூல் வழங்கல் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. இந்தியாவில் யார் நூல் வெளியிட்டாலும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி, இன்னும் மூன்று நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி, தன் செலவில் அனுப்ப வேண்டும். அந்த மூன்றில் ஒன்று நம் கன்னிமாரா. மற்ற இரண்டு மும்பையிலும் டெல்லியிலும். அப்படி வந்த பிரதி இன்றைய வாசகருக்காக மட்டும் வந்தது இல்லை. நூறு ஆண்டு கழித்து ஒருத்தி தேடி வருவாள், அவளுக்கும் சேர்த்து வந்தது. அதை வீட்டுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. அதே கன்னிமாராவில் இரவல் பிரிவும் இருக்கிறது, அதே நூலின் வேறு பிரதி அங்கே இருக்கலாம். ஆகவே ‘ரெஃபரன்ஸ்’ என்று பார்த்ததும் கோபித்துக்கொண்டு போகாமல், இரவல் பிரிவில் பிரதி உண்டா என்று பார்க்க வேண்டும்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ஒரு மனிதர், ரோஜா முத்தையா, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகமும் இதழும் நோட்டீஸும்தான் அதற்கு அடிப்படை. அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே விட்டு வைத்து, 1994இல் நூலகம் ஆக்கியது. அங்கே பழைய நூல் கேட்டால் நுண்படச் சுருளோ கணினிப் படமோ வரும். தாள் தொட்டால் உதிர்கிற வயது. ‘நகல் மட்டும்’ என்ற குறிப்பை நம்மைத் தள்ளி வைப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் படித்த பிறகும் அது இருக்க வேண்டும் அல்லவா?

பைண்டிங்கில் இருப்பது, பதிவில் இருப்பது, கொள்முதலில் இருப்பது, இவை எல்லாம் வரப்போகிற புத்தகங்கள். ஒரு வரியில் முடிக்கிறேன்: நூலகரிடம் பெயர் கொடுத்து வையுங்கள், புத்தகம் தயாரானதும் முதலில் உங்களுக்கு வரும்.

இனி ‘காணவில்லை’, ‘நீக்கப்பட்டது’. தொலைந்ததைப் பட்டியலில் ஏன் வைத்திருக்கிறார்கள், அழித்துவிட வேண்டியதுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். அழித்தால் என்ன ஆகும்? அப்படி ஒரு நூல் இருந்ததே யாருக்கும் தெரியாது. வேறு பிரதி வாங்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றாது. ‘காணவில்லை’ என்று திரையில் நிற்பது நூலகம் தன் பற்றாக்குறையை ஊரறியச் சொல்வது. அதைப் பார்க்கிற வாசகர் எழுதிக் கேட்கலாம், ஐயா, இதன் மூன்றாம் பாகம் உங்களிடம் இல்லை, வாங்கி வையுங்கள் என்று. கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது! 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது, சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலகத்துக்கே போகாதவர்களும் கட்டுகிறார்கள்!

அந்தக் கோவளத்துப் பெண்ணுக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் அவை மின்னூலாக இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஆயிரக்கணக்கான பழைய நூல்கள் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. ஈழத்து நூல் என்றால் ‘நூலகம்’ என்ற இணையத் திட்டம். மூன்றாம் பாகம் அலமாரியில் காணவில்லையென்றால் அன்றிரவே கைப்பேசியில் படித்துவிடலாம். தாளில்தான் படிப்பேன் என்றால், அவள் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது, காத்திருக்கட்டும்.

இதுவரை சொன்ன ‘இல்லை’ எல்லாம் பட்டியலில் இருக்கிற புத்தகங்களைப் பற்றியவை. ‘தேடியது எதுவும் கிடைக்கவில்லை’ என்று வருமே, அது?

பாதி நேரம் அது எழுத்துக் கோளாறு. தமிழ் எழுத்தில் தேடினால் ஒன்று, ஆங்கில எழுத்தில் தேடினால் வேறு. வெளிநாட்டுப் பெரிய நூலகங்கள் தமிழை ரோமன் எழுத்தில் எழுத ஒரு தனி முறை வைத்திருக்கின்றன. அதில் சிவகாமி ஆங்கில ‘எஸ்’ஸில் தொடங்கமாட்டாள், ‘சி’ என்ற எழுத்தில் தொடங்குவாள். நம் பேருந்துப் பலகையில் எழுதுகிற மாதிரி அங்கே எழுதித் தேடினால் சிவகாமியே இல்லை என்று சொல்லும். ஆசிரியர் பெயரில் தேடுங்கள், தலைப்பின் ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடுங்கள், இரண்டு எழுத்திலும் தேடுங்கள். பிறகு நம்புங்கள்.

மீதிப் பாதி நேரம், உண்மையாகவே பட்டியலுக்குள் வராத புத்தகம். இதற்குத்தான் நான் இந்த ஊருக்கு வர ஒப்புக்கொண்டேன். இந்தக் கடற்கரையில் எத்தனை கோயில்! எத்தனை குடமுழுக்கு மலர், எத்தனை தல வரலாற்றுச் சிறு நூல், பள்ளி ஆண்டு மலர், மீனவர் சங்கத்து விழா மலர்! ஒவ்வொன்றிலும் இந்த வட்டாரத்தைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத ஒரு பக்கமாவது இருக்கும். அச்சடிக்கிறோம், மேடையில் வெளியிடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், மீதிக் கட்டுகளைப் பரணில் போடுகிறோம். எந்த நூலகத்தின் திரையிலும் அவற்றுக்கு ‘உள்ளது’ இல்லை, ‘இரவலில்’ இல்லை, ‘காணவில்லை’ என்றுகூட ஒரு வரி இல்லை. தொலைந்ததாகக் கணக்கு எழுதவும் முதலில் வந்ததாகக் கணக்கு இருக்க வேண்டுமே!

நான் சொன்ன அந்த 1954ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய பதிப்பகங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சிறு வெளியீட்டையும் அது நூல் என்றே எண்ணுகிறது. வெளியிட்ட 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். நான்கு பிரதி, நான்கு தபால் உறை. ஐந்தாவது ஒன்றை உங்கள் மாவட்ட மைய நூலகத்துக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, வரவுப் பதிவேட்டில் ஏறியதா என்று கேட்டு, அந்த எண்ணை எழுதி வாங்கி வாருங்கள். உங்களில் யார் வீட்டுப் பரணில் பழைய மலர்கள் இருக்கின்றன? கை தூக்குங்கள் பார்ப்போம். அதோ, அந்த அம்மா தூக்குகிறார். அங்கே இரண்டு பேர். கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள், நூலகர் இங்கேயே இருக்கிறார், அவரிடம் தலைப்பும் ஆண்டும் சொல்லிவிட்டுப் போங்கள். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம்.